அப்பாவோட காது மெஷின், ஆறு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

வாங்கின அன்னைக்கே எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன், ரெண்டாவது வாரம் எழுதியிருந்தா ஒரு ஸ்டார், அதனால கொஞ்சம் நாள் ஆகட்டும்னு விட்டுட்டேன். கடை பேர், பிராண்ட் பேர் எதுவும் போடல. ஒவ்வொருத்தர் காதுக்கு ஒவ்வொண்ணு செட் ஆகும், எங்கப்பாவுக்கு செட் ஆச்சேன்னு நீங்களும் அதையே வாங்கிட்டு அப்புறம் என்னைத் திட்டக்கூடாது பாருங்க.

அப்பாவுக்கு 71 வயசு. 1979-ல பல்லவன்ல கண்டக்டரா சேர்ந்து 2012-ல ரிட்டயர் ஆனவர், அதுல பாதி சர்வீஸ் 29சி, பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர். சின்ன வயசுல லீவு நாள்ல நானும் கூட போவேன். எஞ்சின் சத்தம், ஹாரன், ஃபுட்போர்டுல காலேஜ் பசங்க தகரத்தைத் தட்டிட்டு கானா பாடுறது, இத்தனைக்கும் நடுவுல நாலு சீட் பின்னாடி இருந்து ஒரு ஆயா "லஸ்ஸு ஒண்ணு குடு நைனா"ன்னு முனகினா போதும், இவர் இன்னொருத்தருக்கு சில்லறை எண்ணிட்டே திரும்பிப் பாக்காம டிக்கெட்டைக் கிழிச்சு கைய பின்னாடி நீட்டுவார். எப்படிப்பா கேட்டுச்சுன்னு கேட்டா "நான் எங்கடா கேட்டேன், அதுவா வந்து காதுல வுழுது"ன்னுவார்.

அந்த மனுஷனுக்கு நாலஞ்சு வருஷமா காது மந்தம். டிவி சவுண்டு 40-க்குப் போயிடுச்சு, மேல் வீட்ல இருக்கிறவங்களுக்கு எங்க வீட்டு சீரியல் கதை எல்லாம் அத்துப்படி. காது டெஸ்ட் பண்ணலாம்பான்னு கூப்பிட்டா ஒத்துக்கவே மாட்டார், "எனக்கு நல்லா கேக்குது, நீங்கதான் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறீங்க"ம்பார். இதுக்கு வீட்ல எத்தனை சண்டை. கடைசில பாத்தா அவர் சொன்னதுல பொய்யே இல்ல. வயசானா முதல்ல போறது கீச்சுன்னு மேல இருக்கிற சத்தம் எல்லாம்தான். ஆ, ஓ, ஊ மாதிரி உயிரெழுத்து சத்தம் கீழ இருக்கும், பலமாவும் இருக்கும், அதனால அது வந்து சேந்துடும், ச, ஸ, த, க மாதிரி மெல்லிசா ஒரு நொடிகூட நிக்காம போற சத்தங்களோட அடையாளம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கும், அதுதான் வராது. "சாப்பாடு ஆச்சா"ன்னு நாம கேட்டா அவருக்கு "ஆ ஆ உ ஆ ஆ"ன்னு விழும். பேசுறது கேக்குது, என்ன பேசுறோம்னு தெரியல. வாய்க்குள்ள பேசுறோம்னு அவர் நினைச்சது நியாயம்தானே.

முதல்ல நான் பண்ண முட்டாள்தனம் ஆன்லைன்ல 1,899 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினது. வெறும் சவுண்டு ஏத்துற டப்பா அது. எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி ஏத்தும், ஃபேன் சத்தம் ஹெலிகாப்டர் ஆயிடும், கன்னத்துல கை வச்சா கீங்ங்னு விசில் அடிக்கும். மூணாவது நாள் அது பீரோ மேல போயிடுச்சு.

அப்புறம் மெயின் ரோட்ல ஒரு பெரிய ஷோரூம். ஏசி, சோபா, காபி எல்லாம் பிரமாதம். ஆனா டெஸ்ட் பண்ண ரூம் கண்ணாடிக் கதவு போட்ட சாதா ரூம், வெளிய பஸ் போற சத்தம் எனக்கே கேக்குது, அதுக்குள்ள உக்கார வச்சு பத்து நிமிஷத்துல டெஸ்ட் முடிச்சு, மெஷினை மாட்டி, முகத்துக்கு நேரா ஒரு அடி தூரத்துல உக்காந்து "சார் கேக்குதா சார்"னு கேட்டாங்க. கேக்காம என்ன பண்ணும். "சூப்பரா கேக்குது"ன்னு அப்பா சொல்ல, அடுத்த நிமிஷம் 2,40,000 ரூபா மாடல், இத்தனை சேனல், ஏஐ இருக்கு, இன்னைக்கே புக் பண்ணா டிஸ்கவுண்ட்னு ஆரம்பிச்சுட்டாங்க. யோசிச்சு சொல்றோம்னு எழுந்து வந்துட்டோம், அதுக்கப்புறம் ஒரு மாசம் ஃபோன் மேல ஃபோன்.

என் அக்கா பொண்ணு பிஏஎஸ்எல்பி படிக்கிறா, அதாவது காது டெஸ்ட், பேச்சுப் பயிற்சி பத்தின டிகிரி. நடந்ததை சொன்னதும் சிரிச்சா. "மாமா, தாத்தா கவனிச்சு கேக்கும்போது கேக்குதான்னு டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம், கவனிக்காம இருக்கும்போது கேக்கணும், அதுக்குத்தான் மெஷினே"ன்னா. அப்போ எனக்கு சுத்தமா புரியல.

அவ காட்டின இடம் மேற்கு மாம்பலத்துல ஒரு சந்துக்குள்ள, மெடிக்கல் ஷாப்புக்கு மேல முதல் மாடி. லிஃப்ட் கிடையாது, 22 படி, எண்ணிட்டேன், வயசானவங்க மட்டுமே வர்ற இடத்தை மாடில வைக்கணும்னு யாருக்குத்தான் தோணுச்சோ. அப்பாயின்ட்மென்ட் பதினொரு மணி, உள்ள கூப்பிட்டது 12:10. கடுப்புல இருந்தோம். அந்த ஆடியாலஜிஸ்ட் மேடம் முதல்ல லைட் அடிச்சு காதைப் பாத்துட்டு "குரும்பி அடைச்சிருக்கு, ஈஎன்டி கிட்ட போய் எடுத்துட்டு வாங்க, இன்னைக்கு டெஸ்ட் வேணாம்"னு ஒத்த ரூபா வாங்காம திருப்பி அனுப்பிட்டாங்க. ஷோரூம்ல அந்தக் குரும்பியோடயே டெஸ்ட் பண்ணி ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு மெஷின் விக்கப் பாத்தாங்கன்னு அப்போதான் உறைச்சுது.

ரெண்டாவது தடவை போனப்போ நிஜமான டெஸ்ட். சுவர், கதவு எல்லாம் பஞ்சு மாதிரி மெத்தை வச்ச சின்ன பெட்டி ரூம், கதவை மூடினா நம்ம மூச்சே நமக்குக் கேக்குது. பீப் கேட்டா பட்டனை அமுக்குற டெஸ்ட் முடிஞ்சதும் மேடம் ஒரு அட்டையை எடுத்து தன் வாய்க்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு "அப்பா, நான் சொல்றதை அப்படியே திருப்பி சொல்லுங்க"ன்னாங்க. "பால்." அப்பா "கால்"னார். "சங்கு." "பங்கு." "தட்டு." கொஞ்சம் யோசிச்சு "கட்டு". "வாழை." "வாழை." அட்டையை இறக்கிட்டு அதே குரல்ல அதே வார்த்தைங்களை திரும்ப சொன்னாங்க, அத்தனையும் கரெக்டா சொல்லிட்டார். நாலு வருஷமா எங்கப்பா எங்க வாயைப் பாத்துதான் பேச்சைப் புரிஞ்சிட்டு இருந்திருக்கார், அது எங்களுக்கும் தெரியல, அவருக்கே தெரியல. அடுப்படில நின்னு முதுகு காட்டிப் பேசினா மட்டும் அம்மா கிட்ட ஏன் எரிஞ்சு விழுவார்னு அந்த அட்டைதான் சொல்லுச்சு.

வரும்போது ஆட்டோல அக்கா பொண்ணு சொன்னா, இது எல்லாருக்கும் நடக்குறதுதானாம், காது பாதி கண்ணு பாதின்னுதான் மூளை பேச்சை எடுத்துக்குமாம். 1976-ல மெக்கர்க், மெக்டொனால்டுன்னு ரெண்டு பேர் ஒரு வீடியோ பண்ணாங்க, வாய் "கா"ன்னு அசையும், சத்தம் மட்டும் "பா"ன்னு ஓட விடுவாங்க (பஸ்ஸுக்கு வர்ற பா, தங்கத்துக்கு நடுவுல வர்ற க மாதிரி), பாக்குறவங்க பல பேருக்கு ரெண்டும் இல்லாம "டா"ன்னு கேக்கும். கண்ணை மூடினா "பா". ட்ரிக் தெரிஞ்சு பாத்தாலும் அப்படியேதான் கேக்கும், நம்ம கிட்ட பர்மிஷன் கேட்டுட்டா மூளை வேலை செய்யுது. விட்டுப்போன எழுத்தைக் கூட அதுவே நிரப்பிடும், 1970-ல வாரன்னு ஒருத்தர் ஒரு வாக்கியத்துல ஒரே ஒரு எழுத்து சத்தத்தை வெட்டிட்டு அந்த இடத்துல இருமலை ஒட்டிப் போட்டுக் காட்டினார், கேட்டவங்களுக்கு எழுத்து காணாம போனதே தெரியல, இருமல் எந்த இடத்துல வந்துச்சுன்னும் சரியா சொல்லத் தெரியல. எங்க ஏரியால வாழைப்பழத்தை வாயப்பயம்னு சொல்லியே பொழப்பு ஓடுது, நமக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

நான் வாயைப் பொளந்தது வேற ஒண்ணுக்கு. ஃபின்லாந்துல நாடனென்னு ஒரு சைன்டிஸ்ட், 1978-லயே கண்டுபிடிச்சது. தலையில வயரை ஒட்டி உக்கார வச்சு, "இந்தாப்பா புக்கு படி, இல்ல சத்தமில்லாத படம் பாரு, காதுல வர்றதை கண்டுக்காத"ன்னு சொல்லிட்டு ஒரே சத்தத்தை டொக் டொக் டொக்னு போட்டுட்டே இருப்பாங்க, எப்பயாவது ஒண்ணு மட்டும் லேசா மாறி வரும். ஆள் படத்துல முழுகி இருப்பான், ஆனா மாறின சத்தம் வந்து ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு நேரம் ஆகுறதுக்குள்ள மூளை மட்டும் ஒரு சின்ன அதிர்வு காட்டும், ஏய் இது வேற சத்தம்னு. மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டின்னு பேரு, சுருக்கமா எம்எம்என். தூங்குற பச்சைக் குழந்தைக்கும் வரும், கோமால இருக்கிறவங்களுக்கு வருதான்னு பாத்து அவங்க முழிச்சுக்க வாய்ப்பு எப்படின்னு கூட கணிக்கிறாங்களாம்.

சரி, சத்தம் மாறினா தெரியுது, நாய்க்கும் தெரியும், இதுல பாஷை எங்க வந்துச்சுன்னு கேட்டேன். அதே குரூப் 1997-ல அதையும் பாத்திருக்காங்க. ஃபின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் நடுவுல ஒரு சின்ன கடல்தான், பாஷையும் நம்ம தமிழ் மலையாளம் மாதிரி சொந்தக்கார பாஷை, ஆனா எஸ்டோனிய பாஷைல ஒரு உயிரெழுத்து அதிகம், ஃபின்னிஷ்ல அது கிடையாது. அந்த உயிரெழுத்து சத்தத்தை இப்படி கவனிக்காம இருக்கும்போது போட்டா, எஸ்டோனியாக்காரங்க மூளை பெருசா துள்ளுது, ஃபின்லாந்துக்காரங்க மூளை கம்மியா. அதுவும் முக்கியமா இடது பக்க மூளைல. அப்போ தாய்மொழியோட எழுத்து சத்தம் எல்லாம் கவனத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்க அச்சு போட்டு வச்சிருக்கு. நான் பிராத்மிக் எழுத ஹிந்தி கிளாஸ் போனப்போ டீச்சர் நாலு "க" சொல்வாங்க, எனக்கு ரெண்டுக்கு மேல கேக்கவே கேக்காது, கவனிக்கலன்னு முட்டில ஸ்கேலால அடி வாங்கினேன். கவனிச்சேன் டீச்சர், அச்சுதான் இல்ல! கனடாவுல வெர்க்கர், டீஸ்னு ரெண்டு பேர் 1984-ல காட்டினது இன்னும் வேடிக்கை, ஹிந்தில இருக்கிற த-வுக்கும் ட-வுக்கும் வித்தியாசம், நமக்கெல்லாம் அது ஒரு விஷயமே இல்ல, ஆனா இங்கிலீஷ் பேசுற பெரியவங்களுக்கு அது பிடிபடவே இல்ல, இங்கிலீஷ் வீட்டு ஆறு எட்டு மாசக் குழந்தைங்களுக்கு நல்லா தெரிஞ்சுது, அதே குழந்தைங்களுக்கு பத்து பன்னெண்டு மாசத்துல போயிடுச்சு. ஒரு வயசுக்குள்ளயே எந்தெந்த சத்தம் நம்ம வீட்டு சத்தம்னு மூளை கணக்கை முடிச்சுடுது.

இப்போ திரும்ப அப்பாகிட்ட வர்றேன். அந்த அச்செல்லாம் அவர் மூளைல பத்திரமா இருக்கு, 71 வருஷ அச்சு. உள்ள வர்ற சத்தம்தான் தேஞ்சு வருது, அச்சுல உக்கார மாட்டேங்குது. அதனால தானா நடந்துட்டு இருந்த வேலையை இப்போ அவரே உக்காந்து பண்ண வேண்டியிருக்கு, இது பாலா காலா, வாய் எப்படி அசைஞ்சுது, முன்னாடி என்ன பேசினாங்கன்னு. ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தா ரெண்டு நாள் தலைவலின்னு படுத்துடுவார், நாங்க பிபின்னு நினைச்சு மாத்திரை குடுத்தோம்.

மெஷின் விஷயம். ரெண்டு காதுக்கும் சேர்த்து 92,000, காதுக்குப் பின்னாடி சின்னதா உக்காந்து மெல்லிசா ஒரு வயர் உள்ள போற டைப். ஷோரூம்ல சொன்னதுல பாதி விலைகூட இல்ல. மேடம் அப்பாவோட டெஸ்ட் சார்ட்டை கம்ப்யூட்டர்ல போட்டு, கீழ் சத்தத்தை அப்படியே விட்டுட்டு மேல் சத்தத்தை மட்டும் ஏத்தினாங்க. அதுவும் முதல் நாளே முழுசா ஏத்தல, கம்மியா வச்சு அனுப்பிட்டு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு கொஞ்சம் கொஞ்சமா. மொத்தம் அஞ்சு விசிட், அதுக்குத் தனியா காசு வாங்கல. என்னைக் கேட்டா நாம காசு குடுக்குறது இந்த அஞ்சு விசிட்டுக்குத்தான்.

ரெண்டாவது வாரம் ஒரு ஸ்டார்னு சொன்னேன்ல, அது ஏன்னா வீடே நரகம். பேப்பர் திருப்புனா காதுல மிளகாய் தாளிக்கிற மாதிரி இருக்குன்னார், குழாய்ல தண்ணி சத்தம், செருப்பு சத்தம், அவரே முறுக்கு கடிக்கிற சத்தம், எல்லாம் ஒரே அளவுல முன்னாடி வந்து நிக்குது. வருஷக்கணக்கா வராத சத்தம் திடீர்னு வந்தா எது முக்கியம், எதை ஒதுக்கணும்னு மூளைக்குத் தெரியல. கழட்டி வச்சுட்டு "உன் காசு வேஸ்ட்டுடா"ன்னார். மேடம் கிட்ட ஃபோன் பண்ணா "கழட்டினா பழகாது, தினமும் வீட்லயே நாலு மணி நேரம், அப்புறம் ஏத்துங்க"ன்னாங்க. அம்மா தினமும் மல்லுக்கட்டி மாட்டி விட்டாங்க. ஆறாவது வாரம் வாக்குல பேப்பர் சத்தம் என்னாச்சுப்பான்னு கேட்டேன், "எந்த சத்தம்"னார்.

சத்தமான இடத்துல இன்னும் சுமார்தான், இதை ஒளிக்கப் போறதில்ல. மிக்ஸி ஓடும்போது பேசினா புரியாது. கல்யாண மண்டபத்துல நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல உக்காந்தா மெஷினை ஆஃப் பண்ணிடுறார். ரங்கநாதன் தெருவுல தீபாவளிக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனேன், அது என் தப்பு. ஒரு கூட்டத்துல நாலு பேர் பேசுறதுல ஒருத்தர் குரலை மட்டும் பிரிச்சு எடுக்குறது மூளை பண்ற வேலை, அதுக்கு ரெண்டு காதுல இருந்தும் சுத்தமான சத்தம் வேணும், எந்த ஏஐ மெஷினும் அதை முழுசா செஞ்சு குடுக்காதுன்னு மேடமே வாங்குறதுக்கு முன்னாடி சொல்லிட்டாங்க. சொல்லிட்டு வித்தாங்க பாருங்க, அது பிடிச்சுது.

மெட்ராஸ் வெயிலுக்கு இன்னொரு தலைவலி, வேர்வை. ஏப்ரல்ல ரெண்டு தடவை வலது பக்கம் செத்துப் போச்சு, திறந்து பாத்தா உள்ள ஈரம். ராத்திரி கழட்டி சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைக்கணும், அந்த டப்பாவை முதல்லயே குடுத்திருக்கலாம், தனியா 350 வாங்கினாங்க. பேட்டரி பிரவுன் கலர் ஸ்டிக்கர் ஒட்டின 312 சைஸ், எங்களுக்கு ஆறேழு நாள் வருது. ஸ்டிக்கரைப் பிச்சா காத்து உள்ள போய் வேலை ஆரம்பிச்சுடும், அதனால என் பையன் மாதிரி ஒரே நாள்ல ஆறு ஸ்டிக்கரையும் பிச்சு விளையாடுற ஆள் வீட்ல இருந்தா ஸ்ட்ரிப்பை உயரத்துல வைங்க.

சரி, அக்கா பொண்ணு சொன்ன டெஸ்ட்டு, கவனிக்காம இருக்கும்போது கேக்குதா? போன மாசம் எங்க வீட்ல பையன் பொறந்தநாள். அப்பா ஹால்ல டிவில கிரிக்கெட், சவுண்டு 16, கடைசி ஓவர், கண்ணு டிவியை விட்டு நகரல. அடுப்படில அம்மாவும் என் வைஃபும், குக்கர் ஒரு பக்கம். 1959-ல மோரேன்னு ஒருத்தர் பண்ண ஆராய்ச்சில ஒரு காதுல வர்றதை மட்டும் கவனிக்கச் சொல்லிட்டு கண்டுக்காத காதுல அவங்க பேரைப் போட்டாராம், மூணுல ஒருத்தருக்குத்தான் பேர் காதுல விழுந்துச்சாம். இங்க அம்மா, அப்பா பேரைக்கூட சொல்லல, சாதாரணக் குரல்ல "பெரியவருக்கு சுகர், பாயசம் கண்ணுல காட்டாத"ன்னாங்க. நாலு வருஷமா அவர் முன்னாடியே இப்படித்தான் பேசிப் பழக்கம்.

டிவியைப் பாத்துட்டே அப்பா கைய மட்டும் பின்னாடி நீட்டினார். "அரை டம்ளர் போதும்."

ஞாயித்துக்கிழமை க்ளினிக் லீவு. படில கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான் இருக்கு, இறங்கும்போது பாத்து.